பச்சை இராமனும் புதுமை ஓவியமும்

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்ப் பெருமக்களிடம் ஓவியத்தைப் பற்றிப் பேசப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கும் செயலாகத் தோன்றக்கூடும். உலகின் நாற்றிசைகளிலிருந்தும் மக்கள் ஓவியம் காணவென்றே நம் ஊருக்கு வருகின்றனர். ஆனால், அவர்கள் கண்டு வியந்து செல்லும் கூடங்களின் வாயில்வரை சென்று, “இது படித்தவர்களுக்கு உரியது, நமக்கு விளங்காது” என்று திரும்பிவிடுகிறவர்கள் நம்மவருள் பலர். நம் சங்கத்து உறுப்பினருள்ளும் இத்தகையோர் உளர் என்பதை யாவரும் அறிவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவரும் நமக்கு இப்பொருள் குறித்து எழுத என்ன தகுதி உண்டு எனச் சிலர் வினவலாம். தனித் தகுதி எதுவும் வேண்டாத துறை இது என்பதையே ஈண்டு வரலாற்றின் துணைகொண்டு கூற முற்படுகிறோம்.

முதலில் நம் வீட்டு வாயிலிலேயே தொடங்குவோம். மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுகீசியர் கட்டி, 1555-ஆம் ஆண்டையொட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் அதனைப் பழுதுபார்த்தமையால், கட்டியவர் பெயர் மறைந்து “டச்சு அரண்மனை” என்னும் பெயரே நிலைத்துவிட்டது. கட்டியவனை விட்டுப் பூச்சுப் பூசியவனுக்குப் பெயர் போவது உலகத்தில் புதிதன்று! அவ்வரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் தயரதன் வேள்வி முதல் இராமன் இலங்கையினின்று மீளுதல் வரை இராமகாதை முழுவதும் தீட்டப்பெற்றுள்ளது. நம் பெண்டிர் அங்குச் சென்றால், குழந்தைகளுக்கு ஒவ்வொரு காட்சியாகச் சுட்டிக் காட்டிக் கதை சொல்லுகின்றனர். எவரும் “எமக்கு விளங்கவில்லை” என்று கூறுவதில்லை.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சுவரில் உள்ள இராமன் பச்சை நிறத்தினன். மாந்தருள் பச்சை நிறம் உடையார் எங்கேனும் உண்டோ? அவன் கண்கள் மீன்போல் நீண்டு காது வரை ஓடுகின்றன. கை கால்கள் எலும்பற்றவை போல் வளைகின்றன. வானும் மண்ணும் தனித்தனியே காட்டப்படாமல், ஓர் உருவத்தின் தோளின்மேல் மற்றோர் உருவம் ஏறி நிற்கிறது. கேரளச் சுவரோவியர்கள் காவிமஞ்சள், காவிச்சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்னும் ஐந்து நிறங்களைக்கொண்டே தொழில் செய்தனர். சத்துவ குணத்தார்க்குப் பச்சை, இராசத குணத்தார்க்குச் சிவப்பும் பொன்னிறமும் என்று அவர்களுக்கு ஒரு மரபு இருந்தது. எனவே அந்தப் பச்சை, தோலின் நிறம் அன்று, குணத்தின் நிறம். இதை எவரும் நமக்குப் பாடம் சொல்லித் தரவில்லை. ஆயினும் நாம் ஏற்றுக்கொண்டோம். 1911-இல் ஜெர்மானிய ஓவியர் பிரான்ஸ் மார்க் என்பார் நீல நிறக் குதிரைகளை வரைந்தார். அதைக் கண்டால் மட்டும், “குதிரை நீலமாய் இருக்குமோ?” என்று நகைக்கிறோம். பச்சை இராமனை வணங்கும் கண்ணுக்கு நீலக் குதிரையைக் காணும் ஆற்றல் இல்லாமற் போகாது. இல்லாமற் போனது பழக்கம் ஒன்றே.

அப்பழக்கம் எப்போது மாறியது? இவ்வினாவிற்கு விடை தேடினால் கிளிமானூர் இராஜா ரவிவர்மாவிடம் சென்று நிற்போம். 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்த அப்பெருந்தகை, மேனாட்டு எண்ணெய் வண்ண முறையில் நம் புராண மாந்தரை வரைந்தார். 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவி, அப்படங்களை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுப் பரப்பினார். இலக்குமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு சுவரில் ஏறினர். பின்னர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாகத் தமிழ்நாடெங்கும் பரவின. நம் பாட்டன்மார் காலந்தொட்டு நாம் கண்டு வளர்ந்தவை இவையே. ஆதலின், “உள்ளது உள்ளபடி, கன்னம் மின்ன, பட்டு மடிப்புத் தெரிய வரைவதே ஓவியம், அதுவே நம் முன்னோர் மரபு” என்று எண்ணிவிட்டோம். உண்மையில் அம்மரபின் வயது நூற்றைம்பது ஆண்டுகூட நன்றாக நிறையவில்லை. நம் முன்னோர் மரபு சித்தன்னவாசலிலும் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றிலும் மட்டாஞ்சேரிப் பள்ளியறையிலும் இருக்கிறது. ரவிவர்மாவைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தெய்வத்தை ஏழையின் குடிசைக்குக் கொணர்ந்த அச்செயல் பெரிது. அவர் காட்டிய வழி ஒன்றே வழியென நாம் கொண்டதே குறை.

மேனாட்டில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறிச் செல்வோம். 1839-இல் புகைப்படக் கலை உலகறிய வெளியாயிற்று. முகத்தை உள்ளபடி பதிவு செய்ய ஒரு பெட்டி வந்துவிட்டபின், ஓவியன் செய்யவேண்டியது யாது என்னும் கேள்வி எழுந்தது. 1874-இல் பாரிசு நகரில் சில ஓவியர்கள், ஒளி பொருள்களின்மேல் படும் தோற்றத்தையே வரைந்து காட்சிக்கு வைத்தனர். ஒரு பத்திரிகைக்காரர் ஏளனமாக இட்ட பெயரே அவர்கள் இயக்கத்தின் பெயராக நிலைத்தது. 1907-இல் பிக்காசோ மாந்தர் உருவங்களைக் கோணங்களாக உடைத்து வரைந்தார். 1937-இல் குவேர்னிக்கா என்னும் ஸ்பெயின் நாட்டு ஊர் வானூர்திக் குண்டுகளால் அழிந்தபோது, அவரே கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டும் கொண்டு பெரும் படம் ஒன்றைத் தீட்டினார். உடைந்த உலகத்தை உடைந்த கோடுகளால் காட்டினார் எனின், அதில் விளங்காதது என்ன இருக்கிறது?

இனி நமக்கு நெருங்கிய சென்னைக்கு வருவோம். கேரளத்தின் புதுமை ஓவியமும் தமிழகத்தின் புதுமை ஓவியமும் ஒரு கூரையின் கீழ்ப் பிறந்தவை என்பதை நம்முள் பலர் அறியார். 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப்பள்ளியே அக்கூரை. 1929-இல் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு தொழிலாளர் சிலையைக் காணாத தமிழர் இரார். 1959-இல் திறக்கப்பெற்ற அவ்வுழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. மன்னர்க்கும் ஆளுநர்க்கும் சிலை நின்ற நகரில், பெயரில்லாத கூலியாட்களுக்குச் சிலை எழுந்தது ஒரு புதுமை. புதுமை என்பது வடிவத்தில் மட்டும் உள்ளதன்று, எவரைக் காட்டுவது என்னும் தேர்விலும் உள்ளது.

அவருடைய மாணவர் கே. சி. எஸ். பணிக்கர். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். மலையாளக் குடும்பத்தில் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர் இவர். குடும்பச் சுமையால் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்கு அமர்ந்தார். தம் 25-ஆம் வயதில், 1936-இல், அவ்வேலையை உதறிவிட்டு ஓவியப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். அரசாங்க உத்தியோகம் என்றால் என்னவென்பதை அறிந்த நம் போன்றோர்க்கே அத்துணிவின் அளவு புரியும். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957 முதல் 1967 வரை அப்பள்ளியின் தலைவராய் விளங்கினார். தொடக்கத்தில் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னஞ்சோலைகளையும் நீர்வண்ணத்தில் யாவரும் விரும்பும் வண்ணம் வரைந்தவர் அவர். உள்ளபடி வரையத் தெரியாதவர்களே புதுமை பேசுகின்றனர் என்பார்க்கு இஃதொன்றே விடையாகும்.

1963-இல் ஒரு மாணவனுடைய கணக்குப் பயிற்சி ஏட்டின் பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கோணங்களும் எண்களும் இயற்கணித எழுத்துகளும் நிரம்பிய அப்பக்கத்தைக் கணக்காகப் பாராமல் காட்சியாகப் பார்த்தார். அதினின்று பிறந்தவையே “சொற்களும் குறியீடுகளும்” என்னும் வரிசை ஓவியங்கள். அவற்றில் சாதகக் கட்டம் போன்ற சதுரங்கள் உண்டு. மீனும் பறவையும் பாம்பும் உண்டு. இடையிடையே வரிவரியாக எழுத்துப் போன்றவை உண்டு. மலையாளம் போலவும் தோன்றும், பழஞ்சுவடி போலவும் தோன்றும். ஆனால் எவராலும் படிக்க இயலாது. படிக்க முயல்பவர் சினங்கொண்டு அகலுவர்.

நம் அலுவலகத்து வழக்கம் ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. பழைய பேரேட்டைத் திறந்தவுடன், ஒரு சொல்லும் படிப்பதற்கு முன்பே, இது இன்னார் கை என்று சொல்லிவிடுவோம். ஒருவர் எழுத்து வலப்புறம் சாய்ந்து ஓடும். மற்றொருவர் எழுத்து எறும்புச் சாரைபோல் நெருங்கி ஊரும். கூட்டல் தவறி அடித்துத் திருத்திய பக்கம் தொலைவிலேயே கலங்கித் தெரியும். பொருள் அறியுமுன் தோற்றம் பேசிவிடுகிறது. பணிக்கர் படத்தைக் காண்பதற்கு இதற்கு மேல் வேறு கண் வேண்டுவதில்லை. பக்கம் அமைதியாய் இருக்கிறதா, நெரிசலாய் இருக்கிறதா? எழுத்துகள் எங்கே அடர்கின்றன, எங்கே வெளி விடப்பட்டுள்ளது? பாட்டி பெட்டியில் வைத்திருந்த சாதக ஓலை நினைவில் எழுகிறதா? எழுந்தால் போதும், படம் தன் பணியைச் செய்துவிட்டது.

1966-இல் அவர் தம் மாணவரோடும் தோழரோடும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை அமைத்தார். ஓவியம் விலைபோகாத காலம் அது. பாத்திக் துணி முதலிய கைத்தொழில் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக்கொண்டு நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டனர். பிறரிடம் கையேந்தாமல் கலைஞர் தம் கையாலேயே ஊர் அமைத்த இவ்வரலாறு, சங்கம் வைத்து நடத்தும் நம் போன்றோர் பலமுறை படித்தற்குரியது. பணிக்கர் 1977-இல் மறைந்தார். சோழமண்டலம் இன்றும் நிற்கிறது.

அப்பள்ளியில் பயின்ற ஆதிமூலம் தமிழ் இதழ்களிலும் நூல் அட்டைகளிலும் தம் கோடுகளால் இடம்பெற்றவர். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்கு அவர் வரைந்த படங்களை நம்மிற் பலர், ஓவியம் பார்க்கிறோம் என்னும் நினைவே இன்றி ரசித்திருக்கிறோம். அதே பள்ளியில் பயின்ற கானாயி குஞ்ஞிராமன், பாலக்காட்டை அடுத்த மலம்புழையில் 1969-இல் யட்சி சிலையைச் சமைத்தார். கால் நீட்டி, தலை பின்சாய்த்து, ஆடையின்றி அமர்ந்திருக்கும் அப்பேருருவைக் கண்டு அந்நாளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்றோ கோயம்புத்தூரிலிருந்து உல்லாசப் பயணம் வருவோர் குடும்பத்தோடு அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

இனி நம் தெருவில் நடப்பதற்கு வருவோம். வெனிஸ் நகரில் 1895 முதல் நடந்துவரும் கலைக் காட்சிக்கு பினாலே என்று பெயர். இத்தாலிய மொழியில் ஈராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது என்பது பொருள். அம்முறையைத் தழுவி, போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு ஓவியர் முயற்சியால் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிறி பினாலே தொடங்கிற்று. சங்கச் சான்றோர் பாடிய முசிறியின் பெயரை அதற்குச் சூட்டியமை தமிழராகிய நமக்குப் பெருமிதம் தருவது. தலைமைக் களம் ஆஸ்பின்வால் மாளிகை. 1867-இல் ஜான் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கிலேயர் நிறுவிய வாணிகக் கழகத்தார் மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் கயிறும் ஏற்றுமதி செய்த இடம் அது.

அம்முதற் காட்சியில் ஷீலா கௌடா, கிறிஸ்டோப் ஸ்டோர்ஸ் என்னும் இருவர் வைத்தவை வெறும் ஆட்டுக்கற்கள்! மின்சார அரைவைப் பொறி வந்தபின், பெங்களூர்த் தெருவோரங்களில் கைவிடப்பட்ட 170 கற்களைத் திரட்டிக் கொணர்ந்து பரப்பியிருந்தனர். “இதுவும் ஒரு கலையோ? எங்கள் கொல்லையிலும் ஒன்று கிடக்கிறது” என்று நம்முடன் வந்த நண்பர் நகைத்தார். உடன் வந்த மூதாட்டி ஒருவர் நகைக்கவில்லை. குனிந்து ஒரு கல்லின் குழியைத் தடவிப் பார்த்து, “இது நன்றாக அரைத்த கல், கொத்தி நெடுநாளாயிற்று. இது பெரிய குடும்பத்துக் கல்” என்றார். அடுத்த கல்லையும் அவ்வாறே தடவினார். கால் மணி நேரம் அவர் அவ்விடத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெண்ணின் தோள்வலி இருந்தது. உடைக்கவும் மனமின்றி, வைத்துக்கொள்ளவும் இடமின்றி வீதிக்கு வந்த கற்கள் அவை. அவற்றைப் படிக்க அம்மூதாட்டிக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. நண்பருக்கு இருந்த பட்டமும் உதவவில்லை.

அதே ஆண்டில் விவான் சுந்தரம், பட்டணம் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானையோடுகளைக்கொண்டு ஒரு பழம் நகரத்தைத் தரையில் பரப்பிக் காட்டினார். முசிறி அவ்விடமே எனக் கருதுவோர் பலர். 2014-இல் அனிஷ் கபூர் தரையில் ஒரு வட்டக் குழி அமைத்து, அதில் கருநீர் ஓயாது சுழன்று கீழிறங்கச் செய்தார். அருகே நின்றோர் தம்மையறியாமல் ஓரடி பின்வாங்கினர். அந்த ஓரடியே அக்கலையின் பொருள் என்பது நம் கருத்து.

2016-இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீதா அமைத்தது “துயரக் கடல்”. பெரிய பண்டகசாலை ஒன்றில் கடல்நீரை நிரப்பியிருந்தனர். காண வருவோர் காலணி களைந்து, ஆடையைத் தூக்கிக்கொண்டு, நீரில் நடந்தே எதிர்ச்சுவருக்குச் செல்லல் வேண்டும். அச்சுவரில் ஒரு கவிதை. 2015-இல் போருக்கு அஞ்சிக் கடல் கடந்த சிரியக் குடும்பத்தின் இளங்குழந்தை துருக்கிக் கரையில் பிணமாய் ஒதுங்கிய புகைப்படத்தை உலகமெல்லாம் கண்டது. அதே படகில் மூழ்கிய அதன் தமையனை எவரும் படமெடுக்கவில்லை. படமில்லாத அச்சிறுவனுக்கே அக்கவிதை உரியது. சுரீதா தாமும் 1973-இல் தம் நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பறித்தபோது கப்பலில் சிறைவைக்கப்பட்டு வதையுண்டவர். நீர் காலில் பட்டதும் முதலில் கூச்சம், பின்பு குளிர்ச்சி, பின்பு பேச்சு நின்றுவிடும். கடல் கடந்த தமிழரின் வரலாற்றை அறிந்தார்க்கு அந்நீர் சிரியாவின் நீராக மட்டும் தோன்றாது.

இவற்றுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் மறைத்தல் ஆகாது. அரசாங்கப் பணம் இதற்கு ஏன் என்பது ஒன்று. வேறொன்று இதனினும் கனமானது. பஜார் வீதியில் தலைமுறை தலைமுறையாய் மூட்டை தூக்கிப் பிழைத்தவருள் நம் தமிழரும் உளர். பெட்டகக் கப்பல்களின் காலம் வந்து, 2011-இல் வல்லார்பாடம் முனையமும் திறக்கப்பெற்றபின், பழைய பண்டகசாலைகள் பலவற்றில் சுமை குறைந்தது. காலியான இடத்துக்கே கலை வந்தது. “எங்கள் வேலை போன இடத்தில் படம் மாட்டுகிறார்கள்” என்று முதியவர் ஒருவர் நம்மிடம் கூறினார். அச்சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. கலை வேலையைத் திருப்பித் தரவில்லை. ஆயினும் ஒன்று கூறலாம். கானா நாட்டுக் கலைஞர் இப்ராகிம் மஹாமா என்பார் கிழிந்த சாக்குகளைத் தைத்து இணைத்து, 2017-இல் ஜெர்மனியில் காசல் நகரக் கட்டடங்களைப் போர்த்தினார். 2019-இல் மான்செஸ்டர் நகரில், தம் நாட்டு இரயில் வண்டிகளின் பழைய இரண்டாம் வகுப்பு இருக்கைகளை வரிசையாய் இட்டு, ஆவிகளின் பாராளுமன்றம் என்று பெயரிட்டார். சாக்கின் மேல் உள்ள குறியையும் கறையையும் கண்டு அது எங்கெங்குச் சென்றதென்று சொல்ல வல்லவர் யார்? சீமான்களா, மட்டாஞ்சேரிச் சுமை தொழிலாளரா? அத்தகைய படைப்பின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டியவர் நம்மவர் அல்லர்.

எல்லாம் நன்று என்பதும் அன்று. ஒவ்வொரு காட்சியிலும் சிறந்தன சில, நடுத்தரம் பல, வெறும் ஆரவாரம் சில உண்டு. படைப்பின் அருகே ஆங்கிலத்தில் ஒட்டிவைக்கப்படும் நீண்ட விளக்கவுரைகளோ, பலவேளைகளில் படைப்பைவிடக் கடினமானவை. முதலில் அவற்றைப் படிக்கவே கூடாதென்பது நம் துணிபு. பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்று தாமே பார்த்தபின், வேண்டுமானால் படிக்கலாம். பிடிக்கவில்லையேல் பிடிக்கவில்லை என்று சொல்ல எவர்க்கும் உரிமை உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்று தமக்குத்தாமே ஒரு காரணம் கூறிக்கொண்டால் போதும்.

யூதர் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகு வாணிகர் சங்கத்தை நாம் அறிவோம். தேர்ந்த வாணிகர் மிளகைக் கையில் உருட்டி, நசுக்கி, முகர்ந்து தரம் சொல்லுவார். அவர் அதை எந்த நூலிலும் படித்ததில்லை. பல்லாயிரம் மூட்டை மிளகைப் பார்த்ததனால் வந்த அறிவு அது. ஓவியக் கண்ணும் அவ்வாறே வருவது. ஒரு நாளில் பத்துக் கூடங்களை ஓடிப் பார்ப்பதினும், ஒரு கூடத்தில் இரண்டு படைப்புகளின் முன் கால் மணி நேரம் நிற்பது மேல்.

ஆறாவது பினாலே, கோவாவைச் சேர்ந்த நிகில் சோப்ராவின் பொறுப்பில் 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கிற்று. ஆனால் அதுவரை காத்திருந்தோர்தாம் காணலாம் என்பதில்லை. அரண்மனைச் சுவரோவியங்கள் ஆண்டு முழுதும் உள்ளன. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே தனிக்கூடம் ஒன்று உண்டு. எறணாகுளத்திலிருந்து காலை வண்டியில் சென்று, கண்டு, மாலை வண்டியில் திரும்பிவிடலாம். அங்குத் திங்கட்கிழமை விடுமுறையாதலின், ஞாயிறன்று செல்லுதல் நம் சங்கத்தார்க்கு வசதியாகும்.